வெறுங்காராகத் திரும்பும் தூரம்

கேள்வி: வட்டுக்கோட்டையில் இருக்கிறேன். யாழ் நகரில் அரச அலுவலகம் ஒன்றில் வேலை. அண்ணா கனடாவில் இருந்து அனுப்பிய காசோடு பழைய அல்ரோ கார் ஒன்று எடுத்தேன், மீதிக்கு லீசிங் கட்டுகிறேன். பிக்மீ வாடகைக் கார் செயலியில் பதிந்து, வேலைக்கு முன்னும் பின்னும் ஹயர் ஓடினால் லீசிங் காசையாவது எடுக்கலாம் என்று நினைக்கிறேன். மனைவிக்கு விருப்பமில்லை. சந்தி ஓட்டோக்காரரும் முகம் சுழிப்பார்கள் போல. ஓடலாமா?
– வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: ஓடலாம் தம்பி. ஆனால் செயலியை ஒன் பண்ணிப்போட்டு வீட்டு முற்றத்தில் காத்திருக்கிற யோசனையை விடுங்கள். அப்படி இருந்தால் பெற்றோல் காசு வந்தாலே பெரிய விஷயம்.

கணக்கைப் பாருங்கள். பின்னேரம் அயலூரில் ஒருவர் நகரத்துக்கு ஹயர் கேட்கிறார். அவரை ஏற்றப் போக 3 கிலோமீற்றர், நகரத்துக்கு 12, வெறுங்காராகத் திரும்ப இன்னொரு 12. மொத்தம் 27. அவர் காசு தருவது நடுவில் உள்ள 12க்கு மட்டும். லீற்றருக்கு 15 கிலோமீற்றர், லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் பெற்றோலுக்கு 540 போய்விடும். கொம்பனிக் கழிவு போக 1,200 கைக்கு வந்தாலும் மிச்சம் 660தான். ரயர் தேய்மானம், ஒயில், சேர்விஸ், உங்கள் ஒன்றரை மணித்தியாலம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். ஏசி போட்டால் அந்த 15உம் கிடைக்காது.

நகரத்துக்குள் நிலைமை வேறு. பஸ் நிலையத்தில் ஏற்றியவரைத் திருநெல்வேலியில் இறக்கினால், பல்கலைக்கழகப் பக்கம் அடுத்தவர் நிற்பார். ஆகவே வேலை முடிந்ததும் நகரத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். போகிற திசையைக் குறித்து, அந்தப் பக்கத்து ஹயரை மட்டும் கேட்கிற வசதி சில செயலிகளில் உண்டு. திரும்பும்போது அதைப் போட்டுப் பாருங்கள். மானிப்பாய் வரைக்கும் ஒருவர் வந்தாலே அது லாபம்தான், எப்படியும் எரியப்போகிற பெற்றோல்.

இனி நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். அரச உத்தியோகத்தர் சம்பளத்துக்கு வெளிவேலை செய்வதென்றால் தாபன விதிக்கோவைப்படி முன் அனுமதி எடுக்கவேண்டும். தலைமை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். யாராவது மொட்டைக் கடிதம் போட்ட பிறகு விளக்கம் எழுதுவது எவ்வளவு கரைச்சல் என்று அலுவலகத்தில் இருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

மற்றது காப்புறுதி. உங்கள் அட்டையில் பாவனை என்ற இடத்தில் தனியார் என்று இருந்தால், ஹயர் ஓடும்போது அடிபட்டால் கொம்பனி நட்டஈட்டை மறுக்க இடமுண்டு. வாடகைப் பாவனைக்கு மாற்றக் கட்டுப்பணம் கூடும். அந்தக் கூடுதல் காசையும் மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லீசிங் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசியுங்கள், வாடகைக்கு ஓடக்கூடாது என்று ஒரு வரி கிடக்கலாம்.

மனைவியின் தயக்கம் எதில் என்று நீங்கள் எழுதவில்லை. இரவு ஓட்டம்தான் காரணம் என்றால் அவ பக்கம்தான் நான். எட்டு மணிக்குப் பிறகு போனை ஓஃப் பண்ணுங்கள்.

செயலிக்கு வெளியே, ஊர் ஹயர் ஒன்று உங்களுக்குப் பொருந்தும். போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிற வயதானவர்கள் விடியவே வெளிக்கிடுவார்கள், நீங்களும் அந்தப் பக்கம்தான் போகிறீர்கள். இவர்கள் செயலியில் கேட்கமாட்டார்கள், முதல் நாள் பின்னேரம் போன் எடுத்து, “தம்பி, பிள்ளையார் கோயிலடி ஒழுங்கைக்கு வாங்கோ” என்பார்கள். எந்தப் பிள்ளையார் என்று கேட்டு வையுங்கள். பலாலி விமான நிலைய ஹயரில் ஆசை வைக்கவேண்டாம். வெளிநாட்டுக்காரரின் பெட்டிகள் அல்ரோ டிக்கிக்குள் அடங்காது, அவர்கள் வான்தான் பிடிப்பார்கள்.

அந்தக் கிளினிக் ஆட்கள் மத்தியானம் வீடு திரும்புகிற நேரம் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். அந்த ஓட்டத்தைச் சந்தி ஓட்டோக்காரருக்குக் கொடுங்கள். பதிவதற்கு முதலே ஒருநாள் சந்தியில் இறங்கி, அங்கே மூத்தவர் யாரோ அவரிடம், “அண்ணை, விடிய நான் ஏத்திக்கொண்டு போறன், திரும்ப நீங்கள் ஏத்துங்கோ, நம்பரைத் தாங்கோ” என்று கேளுங்கள். சந்தியில் வைத்துமட்டும் ஆள் ஏற்றவேண்டாம். செயலியில் ஒருவர் அங்கே நின்று கூப்பிட்டால், நாலு வீடு தள்ளி வந்து நிற்கச் சொல்லுங்கள்.