அரசு ஆஸ்பத்திரியில் புது மருந்து ஏன் கிடைப்பதில்லை? யார் முடிவு செய்கிறார்கள்?

கிருஷ்ணகிரிப் பக்கம் அரசு மருந்தகக் கவுண்டரில் வேலை பார்ப்பவன் என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து நல்லதா என்பது முதல் கேள்வி மட்டும்தான். கையில் இருக்கும் மருந்தைவிட எவ்வளவு நல்லது, அதற்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பதில்தான் முடிவு.

இங்கே மருந்து வாங்குவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலை ஒரு குழு முடிவு செய்யும், பட்டியலில் இருப்பதற்கு டெண்டர். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு பாஸ்புக் உண்டு. அதில் உள்ள தொகைக்குள்தான் குடோனில் இருந்து எடுக்கலாம். ஒரு மருந்துக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்று குறையும்.

எம்பாகிளிஃப்ளோசினையே பாருங்கள். சர்க்கரைக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. 2025 மார்ச் வரை காப்புரிமை இருந்தது, கடையில் ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய். மக்களைத் தேடி மருத்துவத்தை 2021 ஆகஸ்டில் நம்ம சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். வீடு தேடிப் போகும் அந்தப் பையில் இதைக் கடை விலைக்கு வாங்கிப் போட்டால், ஆளுக்கு மாதம் 1,800 ரூபாய்! காப்புரிமை முடிந்ததும் கம்பெனிகள் போட்டி போட, சில பிராண்டுகள் பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டன. மருந்து அதேதான், கணக்குதான் வேறு.

இங்கிலாந்தில் இந்தக் கணக்கை 1999 முதல் 'நைஸ்' என்ற அமைப்பு போடுகிறது. நல்ல உடல்நிலையோடு ஒருவர் கூடுதலாக வாழும் ஒரு வருடத்துக்கு என்ன செலவு? 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பதுதான் அங்கே நெடுநாள் எல்லையாக இருந்தது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் 'வேண்டாம்'தான். அப்புறம் கம்பெனி தள்ளுபடியோடு திரும்பி வரும். காரணங்களை வெளியிட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. இந்தியாவிலும் 2017-ல் மத்திய அரசு இதற்கு ஓர் அமைப்பைத் தொடங்கியது. ஆனால் அது பரிந்துரைதான் செய்யும்.

பெங்களூர் டாக்டர் சீட்டை நீட்டி, "இது இங்க வராதா கண்ணு?" என்று கேட்கும் பாட்டிகளிடம் இவ்வளவும் சொல்ல முடியாது. பிராண்டுப் பெயரைப் பார்த்து இல்லை என்று முடிவு கட்டாமல், மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி வரச் சொல்வேன். அதே வேலை செய்யும் மாத்திரை பட்டியலில் இருக்கிறதா என்று இங்குள்ள டாக்டரிடம் கேட்கலாம். இல்லாவிட்டால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகத்தில் விலை கேட்டுப் பாருங்கள். அதுவரை பழைய மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.