கோழியின் தீனிப்பை அடைத்தால், புளித்தால்: கேள்வி பதில்

மழைக்குப் பிறகு புல் தழைத்து நிற்கும் நாட்களில் தீனிப்பை, அதாவது கோழி விழுங்கிய தீனி முதலில் தங்கும் பை, அதில் வரும் பிரச்சினை கூடவே வரும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, என் பெட்டைக்கோழிக்குக் கழுத்துக்குக் கீழே, நெஞ்சில் வலப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. கட்டியா? (பல்லடம்)

எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லவில்லையே. சாயங்காலம் என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. நாள் முழுக்க மேய்ந்த கோழிக்கு அடையும் நேரத்தில் தீனிப்பை நிறைந்து புடைத்துத்தான் இருக்கும். இரவில் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, விடியும்போது காலியாகிவிடும்.

இன்று இரவு தனியாகப் பஞ்சாரத்தில் அடையுங்கள். தண்ணீர் மட்டும் வையுங்கள், தீனி வேண்டாம். காலையில் திறந்துவிடும் முன் தொட்டுப் பாருங்கள். தோல் தொளதொளவென்று இருந்தால் எல்லாம் சரி. அப்போதும் நிறைந்திருந்தால்தான் பிரச்சினை. கெட்டியாக இருக்கிறதா, தண்ணீராகக் குலுங்குகிறதா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். அதனால் மருந்து தேடும் முன் கை வைத்துப் பாருங்கள்.

காலையிலும் கல் மாதிரி இருக்கிறது. தீனி எடுக்கவில்லை, எச்சமும் கொஞ்சமாகத்தான் போகிறது. வீட்டிலேயே சரி செய்ய முடியுமா? (ஒட்டன்சத்திரம்)

இது அடைப்பு. கல் மாதிரித் தெரிந்தாலும், விரலால் அழுத்தினால் பெரும்பாலும் குழி அப்படியே பதிந்து நிற்கும். உள்ளே நீளப் புல், வைக்கோல், தேங்காய் நார், சாக்கு நூல் என்று ஏதாவது சிக்கிப் பந்தாகியிருக்கும். ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் வீட்டிலேயே சரி செய்துவிடலாம்.

கோழியைத் தனியாக வையுங்கள். ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தவே கூடாது. ஊசி இல்லாத சிரிஞ்சில் 2 அல்லது 3 மில்லி தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் உறைந்திருந்தால் கையில் வைத்து உருக்கினால் போதும், சூடாக்க வேண்டாம். கோழியை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அலகைத் திறந்தால், நாக்கின் அடிப்பகுதியில் ஒரு சின்னத் துளை திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். எண்ணெயோ தண்ணீரோ அதற்குள் போனால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டை அது விழுங்கிய பிறகுதான் அடுத்தது. எண்ணெய்க்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரையும் இதே மாதிரி கொஞ்சம் கொடுங்கள்.

பத்து நிமிஷம் விட்டு, உள்ளங்கையில் தீனிப்பையைத் தாங்கி, விரல் நுனியால் மெதுவாகப் பிசையுங்கள். உருண்டை உடைய வேண்டும், அவ்வளவுதான். தொண்டைப் பக்கம் தள்ளாதீர்கள். மூன்று நான்கு நிமிஷம் செய்துவிட்டு ஓய்வு கொடுங்கள். இப்படி நாளைக்கு மூன்று நான்கு தடவை. வாய் வழியாகத் தண்ணீர் வர ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இளகினால் மறுநாள் ஊறவைத்த தீவன மாவையும் பிசைந்த முட்டைக் கருவையும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். தொடர்ந்து சில நாள் காலையில் பை காலியாக இருந்த பிறகுதான் சோளம், கம்பு. ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் அசையவில்லை என்றாலோ, கோழி ஏற்கெனவே மெலிந்து நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தாலோ, மேலும் பட்டினி போடாமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைத்தால் உடனே சரியாகிவிடும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே? (மூன்று பேர் கேட்டது)

தயவுசெய்து செய்யாதீர்கள். கெட்டி அடைப்பு அதில் வெளியே வராது. புளித்த தண்ணீர் வரும்தான், ஆனால் வரும் வழியிலேயே மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிடும். வீடியோவில் பிழைத்த கோழியைத்தான் காட்டுவார்கள். கையிலேயே துடித்துச் செத்த கோழியை யாரும் போடுவதில்லை. தண்ணீரை எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், மருத்துவர் குழாய் விட்டு எடுப்பார்.

சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தேன். சளி நின்றது. இப்போது பை தண்ணீர் நிரப்பிய பலூன் போலக் குலுங்குகிறது, வாயில் புளித்த நாற்றம். வெல்லத் தண்ணீர் கொடுக்கலாமா? (தஞ்சாவூர்)

வெல்லம் வேண்டவே வேண்டாம். உங்கள் கோழிக்கு வந்திருப்பது பெரும்பாலும் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை. அதைக் கட்டுக்குள் வைத்திருந்த நல்ல நுண்ணுயிர்களை ஆன்டிபயாடிக் அழித்துவிட, பூஞ்சை பெருகிவிட்டது. வெல்லம், சோறு, பழம், கஞ்சி எல்லாம் அதற்குத் தீனி. இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

இதற்கு மருந்து நிஸ்டாட்டின் மாதிரியான பூஞ்சைக்கொல்லிதான். எடையைப் பார்த்து மருத்துவர் அளவு சொல்ல வேண்டும். அதுவரை சுத்தமான தண்ணீர் வையுங்கள், தீனியைக் குறையுங்கள், எண்ணெயும் பிசைதலும் வேண்டாம். ஆப்பிள் சிடர் வினிகர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வந்துவிட்ட நோயை அது குணப்படுத்தும் என்று நான் நம்பவில்லை. தண்ணீரில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பழைய பழக்கம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே அதில் இடைவெளி ரொம்பக் குறைவு. கண்ணளவில் போட்டுக் கலக்குகிற ஆளாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் அடைத்த பையைப் பிளேடால் கீறி, உள்ளே இருப்பதை எடுத்துத் தைத்துவிடுகிறார். பிழைக்கவும் செய்கிறது. நாமே செய்யலாமா? (ராஜபாளையம்)

பெரியவரின் கைப்பழக்கம் வேறு, தம்பி. தோல் ஒரு அடுக்கு, பை இன்னொரு அடுக்கு. இரண்டையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். சேர்த்துத் தைத்தால் கசியும், சீழ் பிடிக்கும். மரத்துப்போக மருந்து போடாமல் கீறுவது கொடுமையும்கூட. இதே அறுவையை மருத்துவர் செய்தால் கோழி நன்றாகவே தேறும். பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண்.

கிளிஞ்சல் தூள் வைக்கிறேன். அப்படியும் ஏன் அடைக்கிறது? (நாகர்கோவில்)

கிளிஞ்சல் முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து. உள்ளே போனால் கரைந்துவிடும். வயிற்றில் தானியத்தை அரைக்கக் கரையாத சின்னக் கல் வேண்டும், அரைபடாவிட்டால் மேலே தேங்கும். வெளியே மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். மொட்டை மாடியிலோ சிமெண்ட் தரையிலோ வளர்ப்பவர்கள் தனிக் கிண்ணத்தில் பருமணல் வையுங்கள்.

ஒரே கோழிக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு முறை மூன்று கோழிக்குச் சேர்ந்தே வந்தது. (ஈரோடு)

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஒரு கோழிக்கு மட்டும் திரும்ப வந்தால் கோளாறு பைக்குக் கீழே இருக்கலாம். குடற்புழு, ரத்தக்கழிச்சல், முட்டை அடைப்பு என எது இருந்தாலும் மேலே தீனி தேங்கும். எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இளங்கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்தால் மேரெக்ஸ் என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்கலாம். அதில் நரம்பு செயலிழந்து பை இயங்காமல் போகும், பிசைந்து பயனில்லை.

பல கோழிகள் ஒரே நேரத்தில் சோர்ந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். உடனே பிரித்து வைத்து மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது, வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு.

அடைக்கோழிக்கும் பை நிறைந்தே இருக்கிறதே? (திண்டிவனம்)

நாளுக்கு ஒரு தடவை இறங்கி அவசரமாகத் தின்றுவிட்டுத் திரும்ப முட்டை மேல் உட்காருவதால் அப்படித் தெரியும். மறுநாள் இறங்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

வயதான கோழிக்குப் பை தொங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் நன்றாகத் தின்கிறது. (மதுரை)

தசை தளர்ந்துவிட்டது, பழையபடி ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஈரமான தீனியாகக் கொடுத்தால் பல நாள் இருக்கும்.

மருந்து கொடுத்த கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா? (கோவை)

எத்தனை நாள் விட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். எழுதிக் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

புல் கொடுப்பதையே நிறுத்திவிடவா? (பொள்ளாச்சி)

நிறுத்த வேண்டாம். வேரோடு நிற்கும் புல்லைக் கோழி நுனியில் கொத்தி இழுக்கும்போது சின்னத் துண்டாகத்தான் அறுந்து வரும். நாம் அறுத்துப் போட்டால் பிடிமானம் இல்லாததால் முழு நீளமும் அப்படியே உள்ளே போகும். அதனால் மேயவிடுங்கள். அறுத்துத்தான் போட வேண்டும் என்றால் விரல் கணு அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். முருங்கைக் கீரை என்றால் ஈர்க்கை உருவிவிட்டு இலையை மட்டும் கொடுங்கள்.