சோறு வடிக்கும் நேரத்தில் ஒரு நாவல்: வாசகர் கேள்வி-பதில்

ஓகஸ்ட் விடுமுறை வருகிறது, வாசிக்கிற அம்மாக்கள் புத்தகமோ வாசிப்புக் கருவியோ வாங்கி மாட்டிக்கொண்ட கதை இருந்தால் எழுதுங்கள் என்று போனமுறை கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதி கணவன்மார் மீதான முறைப்பாடு. அது என் இலாகா இல்லை. வாங்குவது விற்பது பற்றியவற்றை மட்டும் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

அக்கா, அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். அவர்களைப் படுக்கவைத்துவிட்டுப் பத்து மணிக்குப் பிறகுதான் வாசிப்பு, அதுவும் போனில். கண் எரிகிறது. கனடாவிலிருந்து தம்பி வருகிறான். கிண்டில் கொண்டுவரச் சொல்லவா, டெப்லெட் சொல்லவா?
— உவர்மலை

என்ன வாசிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே தங்கச்சி. குழம்புக்கா பொரிக்கவா என்று சொல்லாமல் மீன் கேட்கிற மாதிரி இருக்கிறது.

அமேசனின் கிண்டில் போன்ற வாசிப்புக் கருவிகளில் இருப்பது மின்-மைத் திரை. போன் திரை பின்னாலிருந்து கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கும், இது தாளைப் போல மேலே விழுகிற வெளிச்சத்தில் தெரியும். இருட்டில் வாசிக்க உள்ளே விளக்கு இருக்கிறது, அதுவும் ஓரத்திலிருந்து திரையின் மேல்தான் விழும். பலருக்குக் கண்ணுக்கு ஆறுதலாக இருக்கிறது. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை என்பதால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும், பிள்ளைகள் சார்ஜரைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் என்று தேடவும் வேண்டாம்.

2016 டிசம்பரில் அமேசன் கிண்டிலுக்குத் தமிழ்ப் புத்தகங்களை விற்கத் தொடங்கியது, தமிழ்நாட்டு நாவல்கள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் வாசிப்பு ஈழத்து எழுத்து என்றால் கதை வேறு. நம்முடைய பழைய நாவல்கள், சஞ்சிகைகள் என்று 2005இலிருந்து சேர்த்துவைத்திருக்கிற ‘நூலகம்’ தளத்தில்தான் நீங்கள் தேடுவது பெரும்பாலும் இருக்கும், இலவசமாகவே. அவை ஸ்கான் செய்த பிடிஎஃப்கள். 6 அங்குலத் திரையில் ஒரு முழுப்பக்கத்தைத் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்கிற அளவுதான் தெரியும், பெரிதாக்கினால் வரிக்கு வரி இடமும் வலமும் இழுக்கவேண்டும், அரைமணித்தியாலத்தில் நித்திரை வந்துவிடும். அதற்கு 10 அங்குல டெப்லெட்தான் சரி. தமிழ்நாட்டு நாவல்தான் வாசிப்பு என்றால் கிண்டில்.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், ‘இ-புக் ரீடர்’ என்ற பெயரைப் பார்த்து வாங்கவேண்டாம், திரை மின்-மையா என்று கேட்கட்டும். நான் கேட்கவில்லை. இணையத்தில் சாம்பல் நிறப் பக்கத்தைப் படத்தில் காட்டி விற்றார்கள், வந்தது 7 அங்குல மலிவு டெப்லெட், போனை விட மோசமான வெளிச்சம். தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் ‘கொக்கு’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். அது இப்போது குசினி லாச்சியில் அகப்பைகளோடு கிடக்கிறது. தம்பி விமானம் ஏறமுதல் ஒரு தமிழ்ப் புத்தகத்தை இறக்கித் திறந்து பார்த்துவிட்டு ஏறட்டும்.

பேஸ்புக்கில் பார்த்து, பாவித்த கிண்டில் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். காசை முதலே வங்கியில் போட்டேன். திறந்தால் வேறு யாருடையதோ பெயர் வருகிறது, என் கணக்கில் பதிய விடுகிறதில்லை. விற்றவர் போன் எடுக்கிறார் இல்லை.
— சாம்பல்தீவு

ஆளைப் பார்க்கவில்லை, சாமானைத் தொடவில்லை, துண்டுச்சீட்டுக்கூட இல்லை, 18,000 ரூபாய். சந்தையில் கத்தரிக்காயை அமத்திப் பார்க்காமல் வாங்குவீர்களா?

சரி, ஏசி முடிந்தது. கருவியின் அமைப்புகளுக்குள் போய்ப் பழைய கணக்கை நீக்கிவிட்டு உங்களுடையதைப் பதிந்து பாருங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால், முதல் சொந்தக்காரர் அதைத் தொலைந்தது அல்லது களவுபோனது என்று அமேசனுக்கு அறிவித்திருக்கலாம். அப்படியானதை இன்னொருவர் கணக்கில் பதிய விடமாட்டார்கள். அதன் பிறகு போகவேண்டிய இடம் பொலிஸ், நான் இல்லை. வங்கிச் சீட்டையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் கொண்டுபோங்கள். பாவித்த கிண்டில் வாங்குகிற மற்றவர்கள், காசு கை மாற முதல், விற்பவர் முன்னாலேயே உங்கள் கணக்கைப் பதிந்து ஒரு புத்தகம் இறக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சேமித்த காசில் ஒரு நாவல் வாங்கினேன். கதை சூடு பிடிக்கிற இடத்தில் 128ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடியும் 113 வருகிறது. 129இலிருந்து 144 வரை இல்லை. கடையில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற பலகையைக் காட்டுகிறார்கள். நான்தான் கிழித்துவிட்டேனாம்.
— கிண்ணியா

பாவம் நீங்கள். கிழித்தால் பக்கம் குறையும், இரண்டு தரம் வராது. இது கடைக்காரருக்கும் தெரியும்.

புத்தகம் தனித்தனிப் பக்கமாக அச்சாவதில்லை. பெரிய தாளில் அடித்து மடித்து, பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட பாரமாக்கி, பாரங்களை வரிசையாக அடுக்கிக் கட்டுவார்கள். 128ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 8. உங்கள் பிரதியில் ஒன்பதாவது பாரம் இருக்கவேண்டிய இடத்தில் எட்டாவது பாரத்தை இன்னொருதரம் வைத்துக் கட்டிவிட்டார்கள். சுத்தமான கட்டுப் பிழை, இதைப் பதிப்பகமே மாற்றிக் கொடுக்கும், கடைக்காரருக்கு ஒரு சதம் நட்டமில்லை, கொஞ்சம் அலைச்சல்தான். அந்த அலைச்சலுக்குப் பஞ்சிப்பட்டுத்தான் உங்களைக் குற்றவாளியாக்கியிருக்கிறார்.

அந்த மூன்று இடத்தையும், 113, 128, திரும்ப வரும் 113, போட்டோ எடுத்துப் பற்றுச்சீட்டோடு திரும்பப் போங்கள். பழுதான சாமானைத் தலையில் கட்ட அந்தப் பலகை அனுமதிப்பத்திரம் இல்லை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு நிற்கவேண்டாம், வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டு தராத கடையாக இருந்தால், கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கேட்க வெட்கப்படாதீர்கள். அந்த 16 பக்கமும் எங்கும் கிடைக்காவிட்டால் எனக்கு நாவலின் பெயரை எழுதுங்கள், என்னிடம் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கதை நடுவில் நிற்கிற வேதனை எனக்குத் தெரியும்.

பொலித்தீன் சுற்றிய நாவலைப் பிரித்துப் பார்க்கக் கேட்டேன். பிரித்தால் வாங்கியே ஆகவேண்டும் என்றார்கள். இது நியாயமா?
— தம்பலகாமம்

இந்தக் கேள்விக்காகத்தான் பல மாதமாகக் காத்திருந்தேன்.

புடவைக் கடையில் இருபது சேலையை விரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் எழும்பி வந்தாலும் “பிறகு வாங்கோ அக்கா” என்று சிரித்து அனுப்புகிறார்கள். புத்தகக் கடையில் மட்டும் அட்டைப்படத்தைப் பார்த்துப் பெண் பார்த்த மாதிரி முடிவெடுக்கவேண்டுமாம். தூசி, உப்புக்காற்று, மாரியில் பூஞ்சணம் என்று காரணம் சொல்வார்கள். கடலை மூன்று பக்கமும் வைத்திருக்கிற ஊரில் அது பொய்யில்லை, நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பத்துப் பிரதியையும் சுற்றவேண்டுமா? ஒன்றைத் திறந்து வையுங்கள், மற்ற ஒன்பதையும் இரும்புப் பெட்டியில் வேண்டுமானாலும் பூட்டுங்கள்.

திறந்தால் என்ன பார்ப்பேன் தெரியுமா? எழுத்தின் அளவு. பின்பக்க எழுத்து இந்தப் பக்கத்தில் நிழலாகத் தெரிகிறதா. எல்லாவற்றையும் விட, நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதை. முதுகோடு ஒட்டி இறுக்கிக் கட்டிய புத்தகத்தில் ஒவ்வொரு வரியின் ஓரச் சொல்லும் மடிப்புக்குள் விழுந்து கிடக்கும், இரண்டு கையாலும் பிளந்து பிடித்தால்தான் வாசிக்கலாம். அம்மாவுக்கு ஏது இரண்டு கை? ஒரு கையில் அகப்பை, அல்லது மடியில் பால் குடிக்கிற பிள்ளை. ஒற்றைக் கையில் விரிந்து நிற்காத புத்தகம் அவளுக்குப் புத்தகமே இல்லை, பசை முதுகை வலிந்து விரித்தால் கடைசியில் பக்கம் பக்கமாகக் கழன்று வரும்.

ஒருமுறை செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்குக் கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்துக்குப் போய், 700 பக்க நாவல் ஒன்றைச் சுற்றியபடியே வாங்கி, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பிரித்தால் மருந்துப் பெட்டிக்குள் வருகிற துண்டுத்தாள் எழுத்து. 40ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை. கச்சான் காற்றுக்குக் கதவு அடிபடாமல் இப்போது அதுதான் முட்டு.

இதில் கேவலம் என்னவென்றால், முகமே தெரியாத கிண்டில் கடை ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பகுதியை இலவசமாக இறக்கி வாசிக்க விடுகிறது. என் அப்பாவின் பெயரைச் சொல்லி நலம் விசாரிக்கிற கடைக்காரர் விடமாட்டேன் என்கிறார். நியாயமில்லை. பிரித்துக் காட்டாத கடையில் வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

500 ரூபாய்க்கு ஆயிரம் தமிழ் நாவல், பென் டிரைவில் தருகிறார்களாம். வாங்கலாமா?
— பாலையூற்று

களவுச் சாமான். வேண்டாம். இலவசமாகவே வேண்டுமென்றால், தமிழ் நூல்களை இணையத்தில் சும்மா தருகிற மதுரைத் திட்டம் 1998இலிருந்து இருக்கிறது, அதை முதலில் வாசித்து முடியுங்கள்.

கிண்டிலில் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை மூதூரில் இருக்கிற தங்கச்சிக்குக் கொடுக்க வழி தெரியவில்லை.
— லிங்கநகர்

கருவியோடு கொடுத்தனுப்பலாம். புத்தகத்தை மட்டும் கொடுக்கமுடியாது, ஏனென்றால் நீங்கள் வாங்கியது புத்தகம் இல்லை, வாசிக்கும் அனுமதி. 2009இல் விற்பனை உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் இருந்தே ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’ பிரதிகளை அமேசன் அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மைதான், ஆனால் கடைக்காரர் இரவில் வீடு புகுந்து இறாக்கையிலிருந்து எடுத்துக்கொண்டு காசை மேசையில் வைத்துவிட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா? வாங்கியதைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வசதியையும் 2025 பெப்ரவரி 26இல் எடுத்துவிட்டார்கள். தங்கச்சிக்கும் பிடிக்கும் என்று தோன்றுகிற புத்தகத்தைத் தாளில் வாங்குங்கள்.

பிள்ளைகளோடு நிலாவெளிக்குப் போகிறோம். தண்ணீர் புகாது என்று சொல்லித் தந்த கிண்டில் பேப்பர்வைட். கடற்கரைக்குக் கொண்டுபோகலாமா?
— மட்டக்களப்பு

2018இலும் அதற்குப் பிறகும் வந்த பேப்பர்வைட் என்றால், நல்ல தண்ணீரில் 2 மீற்றர் ஆழத்தில் ஒரு மணித்தியாலம் தாங்கும் என்கிறார்கள். கடல் தண்ணீருக்கு அவர்களே சொல்வது கால் மீற்றர், 3 நிமிடம். பெட்டியில் இருப்பதை வடிவாக வாசித்தால் தெரியும். அலை தெறித்தால் பயமில்லை, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்டுப் பிறகுதான் சார்ஜ் போடுங்கள். எனக்கு மண்ணைத்தான் பயம், திரையில் ஒரு கோடு விழுந்தால் போகாது. ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள், பைக்கு மேலாலேயே விரல் வேலை செய்யும். பொலித்தீனுக்கு இப்படி ஒரு நல்ல வேலையும் இருக்கிறது.

நுவரெலியாவுக்கு ஒரு கிழமை போகிறோம். எத்தனை புத்தகம் கொண்டுபோகலாம்?
— என்.சி. வீதி

இரண்டு. ஒன்றுதான் வாசிப்பீர்கள்.

அக்கா, போன வருசம் நீங்கள் எழுதியதை நம்பிப் புத்தகத்தில் கவ்வுகிற சின்ன விளக்கு வாங்கினேன். நவம்பர் மழையில் ஊரிலுள்ள ஈசல் முழுவதும் என் தலையணையில். கணவர் வெளித் திண்ணையில் போய்ப் படுத்தார்.
— உப்புவெளி

மன்னித்துக்கொள்ளுங்கள். அதை நான் வெயில் காலத்தில் வாங்கி, வெயில் காலத்திலேயே புகழ்ந்து எழுதினேன். மாரியில் என் வீட்டிலும் இதேதான், 212ஆம் பக்கத்தில் ஒரு ஈசல் சிறகு இன்னமும் ஒட்டியிருக்கிறது. நுளம்பு வலைக்குள் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பாவித்துப் பாருங்கள், கொஞ்சம் பரவாயில்லை. பிடிக்காவிட்டால் கடையில் மாற்றிக் கேளுங்கள். பற்றுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள்தானே?