செல்லின் மேல் தங்கத் துகள் எதற்கு?

கேள்வி: தனித்தனிச் செல்களில் உள்ள புரதங்களை அடையாளம் காண ஒளிரும் சாயங்கள் இருக்கும்போது, தங்கம், வெள்ளி போன்றவற்றின் நானோதுகள்களை ஏன் ஒட்டுகிறார்கள்? அவை சாயங்களைவிடச் சிறந்தவையா?

பதில்: சாயங்களின் எண்ணிக்கை கூடக்கூட அவை உமிழும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், எது எந்தப் புரதத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிவது கடினமாகிறது. உலோகத்தையோ அதன் அணுநிறையைக் கொண்டே அறிகிறோம். குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்பொருளுடன் உலோகத்தைப் பிணைத்து, செல்களோடு சேர்த்து, பிறகு செல்களை ஒவ்வொன்றாகப் பல ஆயிரம் பாகை வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் (மின்னூட்டம் பெற்ற ஆர்கான் வாயுவுக்குள்) செலுத்தினால், செல் முழுவதும் அணுக்களாகச் சிதைந்து அயனிகளாகிறது. அவற்றை நிறைநிறமாலைமானி, அதாவது அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவி, எண்ணிவிடுகிறது. அளந்த செல் திரும்பக் கிடைக்காது என்பது இம்முறைக்கு நாம் கொடுக்கும் விலை.

இதற்கு வழக்கமாகப் பயன்படுவது லாந்தனைடு எனும் அருமண் உலோகங்களைத் தாங்கிய பாலிமர் இழைகள். ஓர் எதிர்பொருளில் இவ்வகையில் ஏறத்தாழ நூறு அணுக்களையே ஏற்றமுடியும். 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளிலோ சுமார் 30,000 அணுக்கள் இருக்கின்றன. ஆகவே, செல்லில் மிகக் குறைவாகவே இருக்கும் புரதத்தைக் கூட அது காட்டிக்கொடுக்கும்.

ஆனால் சிறந்ததா என்ற கேள்விக்கு என் பதில், எல்லாவற்றுக்கும் அல்ல என்பதே. துகள்களின் விட்டம் பத்து விழுக்காடு மாறினாலே அணுக்களின் எண்ணிக்கை சுமார் முப்பது விழுக்காடு மாறிவிடும். மேலும் ஒரே துகளில் பல எதிர்பொருள்கள் ஒட்டியிருக்கலாம், பெரிய துகள் பக்கத்துப் புரதத்தை மறைக்கலாம், தொடர்பில்லாத இடங்களிலும் படியலாம். எனவே அணுக்களின் எண்ணிக்கையை அப்படியே புரதங்களின் எண்ணிக்கையாகக் கொள்ள முடியாது. தங்கத்துக்கு நிலையான ஐசோடோப்பு, அதாவது குறிப்பிட்ட நிறையுள்ள அணுவகை, நிறை எண் 197 கொண்டது ஒன்றே என்பதால், எத்தனை துகள்களைச் செய்தாலும் கிடைப்பது ஓர் அடையாளம்தான். வெள்ளிக்கு 107, 109 என இரண்டு உண்டு. மிகுதியான புரதங்களுக்கு லாந்தனைடையும், அரிதான ஓரிரண்டுக்கு மட்டும் நானோதுகளையும் ஒதுக்குவதே பொருத்தம்.

கேள்வி: செல்லில் ஒட்டாமல் மிதக்கும் துகளைக் கருவி செல் என்று எண்ணிவிடாதா?

பதில்: எண்ணிவிடக்கூடும். அதனால்தான் செல்களின் டிஎன்ஏவில் போய்த் தங்கும் இரிடியம் எனும் உலோகத்தின் சேர்மத்தையும் முன்கூட்டியே சேர்க்கிறார்கள். தங்கமும் இரிடியமும் ஒரே கணத்தில் பதிவானால் அது துகள் ஒட்டிய செல். தங்கம் மட்டும் பதிவானால் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள்.