நிரல் எழுதி மின்னஞ்சலைத் தேடுவது என்றால் என்ன?

ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களில் வேண்டியவற்றை மட்டும் காட்டும்படி, நிரல் வழியாக அஞ்சல் சர்வரிடம் கேட்பதுதான் இது. இதற்காக நிரலும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை ஐமேப் (IMAP). பைத்தான் நிரல்மொழியில் இதற்கென்றே இமேப்லிப் (imaplib) என்ற நிரல் தொகுப்பு கூடவே வருகிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஏற்காட்டு மிளகு வேண்டுமென்றால், கிடங்கு முழுவதையும் யாரும் வெளியே இறக்குவதில்லை. "இந்த மாதம் வந்த ஏற்காட்டுச் சரக்கு எது?" என்று கேட்டால், கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டி மூட்டை எண்களைச் சொல்வார். அவற்றை மட்டும் தூக்கி வந்தால் போதும். சர்வரும் அப்படியே: அனுப்பியவர், தலைப்பு, தேதி என நிபந்தனை கொடுத்தால் அஞ்சல்களின் எண்களை மட்டும் தருகிறது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுச் சலிப்பது வீண்வேலை. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைத்தோட்ட அலுவலகத்தில் அது முடியவே முடியாது.

நிபந்தனைகளை அடுக்கினால் அனைத்தும் பொருந்தியவையே வரும். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும் என்றால், அவற்றுக்கு முன்னால் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') எழுத வேண்டும், நடுவில் அல்ல. பலர் தடுமாறும் இடம் இது.

தேடினாலே அஞ்சல் 'படித்தது' ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தேடல் எதையும் மாற்றாது, உள்ளடக்கத்தை எடுக்கும்போதுதான் அந்தக் குறி விழும், 'பீக்' (PEEK) என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்து எடுத்தால் அதுவும் விழாது.