யாருடைய புதன்கிழமை?

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் புதன்கிழமை தோறும் புதிய காமிக்ஸ் வருகின்றன. இந்த வாரம் வந்தவற்றில் எவற்றை வாசிக்கலாம்? ஐந்து பெயர் சொன்னால் போதும். எங்கள் வட்ஸ்அப் குழுவில் அன்றிரவே பிடிஎப் வந்துவிடும். பழைய மாயாவி கதைகளைச் சொல்லி அனுப்பிவிட வேண்டாம்.
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, ஐந்து பெயர் தரமாட்டேன். உங்கள் அஞ்சலட்டை உப்புவெளியிலிருந்து என் மேசைக்கு வரவே நான்கு நாள் பிடித்தது. இந்தப் பதில் அச்சேறி என்.சி. வீதிக் கடைகளில் தொங்கும்போது நீங்கள் கேட்ட "இந்த வாரம்" போய் இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். அது சின்னக் காரணம்தான்.

பெரிய காரணம் அந்தப் புதன்கிழமைக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் உண்டு. எழுபதுகளில் உருவான ஏற்பாடு. எத்தனை பிரதி வேண்டும் என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விற்காமல் கிடப்பதைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒரு மெல்லிய இதழில் இருபது, இருபத்திரண்டு பக்கக் கதை, விலை நான்கு ஐந்து டொலர். கதையும் அதில் முடியாது. ஐந்தாறு இதழ் வாங்கினால்தான் ஒரு கதை முழுதாகும். கையில் இருபது டொலரோடு அந்தக் கடைக்குள் நிற்பவருக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. "இந்த வாரம் வாசிக்க வேண்டியவை" என்ற பட்டியல் அவருக்காக எழுதப்படுவது. நீங்கள் அந்தக் கடையில் நிற்கவில்லை. இருபது பக்கத்தைக் கைபேசியில் ஒரு தேநீர் நேரத்தில் தள்ளிவிட்டு அடுத்த புதனுக்குக் காத்திருப்பது வாசிப்பு என்று எனக்குப் படவில்லை. அதே கதை சில மாதங்களில் ஒரே புத்தகமாகத் தொகுத்து வரும். பிடித்திருந்தால் அதை வாங்குங்கள், நான்கு பேர் சேர்ந்தாவது.

அப்புறம் அந்த பிடிஎப். ஒரு தொடர் நீடிப்பதும் நிற்பதும் கடைகள் கேட்கும் பிரதிகளைப் பொறுத்தது. உங்கள் குழுவில் நூறு பேர் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஒருவர்கூட ஏறுவதில்லை. தமிழில் இது இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்தது, 1984இல் லயன். அதே 1984இல் வந்த ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. லயன், முத்துவும் நடுவில் தளர்ந்து, 2012இல்தான் புது வேகத்தோடு திரும்பி வந்தன. இன்று அவை ஓடுவது சந்தாவையும் முன்பதிவையும் நம்பி. அங்கே வாங்கப்படாத ஒவ்வொரு பிரதியும் தெரியும். வந்த அன்றே அதை ஸ்கேன் செய்து அனுப்புகிறவர் தமிழ் காமிக்ஸுக்குச் சேவை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பு தவறு. உங்கள் குழுவிலும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இந்திய ரூபாய் ஒன்றுக்கு நம்முடைய மூன்று ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும், தபால் செலவு வேறு என்பீர்கள். உண்மை. எங்களுக்கும் அது கஷ்டம்தான். பலாலி விமானத்திலோ காங்கேசன்துறைக் கப்பலிலோ வருகிற உறவினரிடம் சொல்லி வைத்து, வருடத்துக்கு நான்கு புத்தகம் எடுப்பிக்கிறோம். ஒரு பிரதியை ஐந்து பேர் மாறி மாறி வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு பிரதிக்குக் காசு போயிருக்கிறது.

"பழைய மாயாவி" என்று சற்று இளப்பமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டனின் வேலியண்ட் இதழில் தொடங்கியது 1962இல். தமிழுக்கு வந்தது பத்து வருடம் கழித்து, முத்து காமிக்ஸின் முதல் இதழாக. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் அலையும் அந்த மனிதரை இந்த ஊர்ப் பிள்ளைகள் யாரும் பத்து வருடப் பழசு என்று தள்ளவில்லை. எழுபதுகளில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. கிடைத்த பிரதி கை மாறிக் கை மாறிக் கந்தலாகப் போகும். என்னிடம் வந்த பிரதிக்கு அட்டை இல்லை, கடைசி நான்கு பக்கமும் இல்லை. முடிவை அண்ணன்தான் சொன்னார். அந்த முடிவு அவராகக் கட்டியது என்பது முழுப் புத்தகத்தைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. இன்றும் அண்ணனின் முடிவுதான் எனக்கு நல்லதாகத் தெரிகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாரா வாரம் புதிதாக வாசிக்கத்தான் வேண்டும் என்றால், நேர்மையான வழி ஒன்று இலவசமாகவே இருக்கிறது. மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை வெளியிடும் ஷுயெய்ஷா நிறுவனம் 2019இலிருந்து மாங்கா பிளஸ் என்ற செயலியை நடத்துகிறது. அந்நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் என்ற மாங்கா வார இதழின் புதிய அத்தியாயங்கள் அங்கே திங்கள் பிறக்கும் நள்ளிரவில், நம் நேரப்படி ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு, ஆங்கிலத்தில் வந்துவிடும். ஒரு தொடரின் முதல் மூன்று அத்தியாயங்களையும் கடைசி மூன்றையும் காசில்லாமல் வாசிக்கலாம். எல்லோரும் பேசுகிறார்கள் என்று ஒன் பீஸ் தொடரின் கடைசி அத்தியாயத்தில் போய் ஏறாதீர்கள். 1997இல் தொடங்கி ஆயிரம் அத்தியாயம் தாண்டிய கதை அது. கொழும்பு ரயிலை நடுவழியில் கல்ஓயாவில் பிடித்துவிட்டு முன்னால் வந்த ஊர்களைக் கேட்பதுபோல ஆகிவிடும். புதிதாகத் தொடங்கும் தொடரை எடுங்கள். முதல் அத்தியாயத்திலிருந்தே ஜப்பான் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பீர்கள். அந்த இதழில் எந்தத் தொடர் நிலைக்க வேண்டும் என்பதில் வாசகர் அனுப்பும் வாக்கு அட்டைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பிடிக்காத தொடர் இருபது அத்தியாயத்துக்குள் முடிந்துபோவது அங்கே சாதாரணம். அஞ்சலட்டை எழுதுகிற உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

புத்தகமாக வேண்டுமானால், 2025 ஒக்டோபர் 23இல் வெளியான, அஸ்ட்ரிக்ஸ் என்ற பிரெஞ்சுப் படக்கதைத் தொடரின் நாற்பத்தோராவது அல்பம் இருக்கிறது. இம்முறை வீரர்கள் போவது லூசித்தானியாவுக்கு, ரோமர் காலத்துப் போர்த்துக்கல். நம் திருகோணமலைக் கோட்டைக்கு 1624இல் கல் அடுக்கியவர்களின் பழைய ஊர் என்று சொல்லியே வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம்.

ஆனால் இந்த வாரம் ஒன்றே ஒன்றைத்தான் வாசிக்க முடியும் என்றால், புதியது அல்லாத ஒன்றைச் சொல்வேன். பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சி பொலக் வரைந்து 2019இல் வந்த 'வன்னி'. டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. அங்கிருந்து வெளியேறியபோது அவரும் வெளியேற வேண்டி வந்தது. பின்னர் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் சொன்னவற்றைத் திரட்டி, சுனாமியிலிருந்து 2009 வரை ஒரு குடும்பத்தின் கதையாக அதை எழுதினார். ஆங்கிலத்தில் இருக்கிறது. கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் 2004 டிசம்பரின் அந்தக் காலையைக் கண்டவர்களுக்கு அதன் சுனாமிப் பக்கங்களில் அகராதி தேவைப்படாது. ஒரே இருப்பில் வாசிக்காதீர்கள். அம்மாவோ மாமாவோ பக்கத்தில் இருக்கும்போது வாசியுங்கள். சில படங்களில் அவர்களே நிறுத்தி ஏதாவது சொல்வார்கள். தமிழில்தான் வேண்டும் என்றால் ஈரானில் பிறந்த மர்ஜானே சத்ரபி தன் சிறுபராயத்தை வரைந்த நூலை விடியல் பதிப்பகம் 'ஈரான்' என்று கொண்டுவந்திருக்கிறது. போரும் பள்ளிக்கூடமும் ஒரே பக்கத்தில் வரும். நமக்கு அது அந்நியமில்லை.

இவை விலை கூடியவை. அதனால் நீங்கள் குழுவில் பத்துப் பேராகக் கையெழுத்திட்டு, பொதுநூலகத்துக்கு ஒரு கோரிக்கை எழுதுங்கள். படக்கதை என்றால் சிறுவர் பகுதி என்று சொன்னால், சிரித்திரன் நகைச்சுவை இதழை நடத்திய சுந்தரின் சவாரித்தம்பர் கேலிச்சித்திரங்களை வாசித்துச் சிரித்தவர்கள் எல்லோரும் சிறுவர்களா என்று கேளுங்கள். கடிதத்தின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.