ஹோட்டல் பில்லில் எதைக் கொடுக்கலாம், எதை எடுக்கச் சொல்லலாம்?

விடுமுறை முடிந்து ஊர் திரும்பியவர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளில், ஹோட்டல் சாப்பாடு தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த வாரம் பதில்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குச் சென்னையில் ஒரு மாலில் இருக்கும் உணவகத்துக்குப் போனோம். 2,400 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். பில் 2,772 ரூபாய் வந்தது. ‘சர்வீஸ் சார்ஜ் 10%’ என்று ஒரு வரி இருந்தது. கேட்டதற்கு, “மெனு கார்டிலேயே போட்டிருக்கிறோம் சார்” என்றார்கள். பிள்ளைகள் முன்னால் தகராறு வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: வேண்டியதில்லை. மெனு கார்டில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இது தெளிவாக இருக்கிறது. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. தர மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு அதைக் கூட்டி, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் தடை வாங்கின. அந்தத் தடையைக் காட்டித்தான் இரண்டரை வருஷத்துக்கு மேல் வண்டி ஓடியது. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. ஆனால் மேல்முறையீடு போட்டிருக்கிறோம் என்பது உங்கள் பில்லில் 10% சேர்ப்பதற்கு அனுமதிச் சீட்டு இல்லை.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். சாப்பாடு 2,400. சர்வீஸ் சார்ஜ் 240. இரண்டும் சேர்ந்து 2,640. அதற்கு 5% ஜிஎஸ்டி 132. மொத்தம் 2,772. சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் போட்டிருந்தால் 2,400-க்கு வரி 120, மொத்தம் 2,520. உங்களிடம் கூடுதலாக வாங்கியது 252 ரூபாய். அதில் 12 ரூபாய், வாங்கவே கூடாத கட்டணத்துக்கு நீங்கள் கட்டிய வரி.

இதைச் சொல்வதற்கு நல்ல நேரம், கார்டைத் தேய்ப்பதற்கு அல்லது க்யூஆரை ஸ்கேன் செய்வதற்கு முன்பு. “சர்வீஸ் சார்ஜ் வேண்டாம், எடுத்துட்டு வேற பில் கொடுங்க” என்றால் போதும். குரலை உயர்த்த வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். மறுத்தால் பணத்தைக் கட்டிவிட்டு பில்லோடு வெளியே வாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உங்கள் பில் இன்னும் கையில் இருந்தால் இப்போதுகூட அங்கே புகார் செய்யலாம்.

சர்வருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள். சர்வீஸ் சார்ஜாகக் கட்டும் பணம் அவரிடம் போய்ச் சேர்கிறதா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வழியே இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் ஏசி ஹால் திறந்திருக்கிறார்கள். ஏசி என்பதால் 18% ஜிஎஸ்டி என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். சரியா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: சரியில்லை. ஏசிக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது ஜிஎஸ்டி வந்த முதல் சில மாதங்களில். 2017 நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5%தான். ஏசி ஹாலில் தோசைக்கு இருபது ரூபாய் கூடுதலாக விலை வைக்கலாம், அது அவர்கள் இஷ்டம். வரியைக் கூட்ட முடியாது. 18% என்பது பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களுக்கு. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைகள் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்துக் கடற்கரை ரிசார்ட்டில் 18% போட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். திண்டுக்கல் மெஸ்ஸில் போட்டால் கேளுங்கள்.

எனக்கு அதைவிட உறுத்துவது அந்தத் துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி வாங்குபவர் 15 இலக்கப் பதிவு எண் போட்ட பில் தர வேண்டும். தமிழ்நாட்டில் அந்த எண் 33 என்று தொடங்கும். புதுச்சேரி 34, கேரளா 32, கர்நாடகா 29. எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் கடையின் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும், அவர் எந்த வகையில் பதிவு செய்திருக்கிறார் என்பதும் வந்துவிடும். அந்தக் கடைசி விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். சிறிய உணவகங்கள் பல ‘காம்போசிஷன்’ என்ற திட்டத்தில் இருக்கின்றன. அதில் இருப்பவர் வரியைத் தன் வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். சாப்பிடுபவரிடம் தனியாக வாங்கவே கூடாது. தான் வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்று பில்லிலேயே போட்டிருக்கவும் வேண்டும். பதிவு எண்ணே இல்லாமல் ஜிஎஸ்டி என்று வாங்கினால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகாது, கல்லாவில்தான் இருக்கும்.

கேள்வி: சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்தில் போகும்போது நடுராத்திரியில் ஒரு மோட்டலில் நிறுத்தினார்கள். விலைப் பலகை இல்லை. இரண்டு பரோட்டா சாப்பிட்ட பிறகுதான் விலையைச் சொன்னார்கள், தலை சுற்றியது. வாசலில் இருந்த கடையில் பிஸ்கட்டும் தண்ணீரும்கூட எம்ஆர்பிக்கு மேல். ஓட்டுநரிடம் சொன்னால் “நாங்க என்னம்மா செய்யறது” என்கிறார். (நாகர்கோவில் வாசகி)

பதில்: இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் எங்கே சண்டை போடலாம் என்று தெரியும்.

முதலில் பரோட்டா. சமைத்த உணவுக்கு எம்ஆர்பி கிடையாது. பரோட்டாவுக்கு என்ன விலை வைக்கலாம் என்று உச்சவரம்பு எதுவும் இல்லை. அறுபது ரூபாய் வைத்தாலும் சட்டம் ஒன்றும் சொல்லாது. ஆனால் விலையை மறைத்துவிட்டுச் சாப்பிட்ட பிறகு சொல்வது வேறு. அதைப் புகாராகக் கொண்டுபோகலாம். நடைமுறையில் அந்த நேரத்தில், அந்தத் தூக்கக் கலக்கத்தில் உதவுவது ஒன்றுதான்: இலையைப் போடுவதற்கு முன் “பரோட்டா எவ்வளவு, குருமா தனிக் காசா, ஆம்லெட் எவ்வளவு” என்று மூன்றையும் கேட்டுவிடுவது. குருமாவுக்குத் தனியாகக் காசு வாங்கும் மோட்டல்கள் உண்டு.

அடுத்தது பிஸ்கட், தண்ணீர். இங்கே உங்கள் பக்கம் சட்டம் வலுவாக இருக்கிறது, ஆனால் ஒரு நெளிவு உண்டு. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல், பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நடப்பது வெறும் விற்பனை இல்லை; மேஜை, இடம், பரிமாறுவது எல்லாம் சேர்ந்த சேவை என்பது காரணம். அதனால் உள்ளே மேஜையில் கொண்டுவந்து வைத்த பாட்டிலுக்குக் கூடுதல் கேட்டால் வாதாடிப் பயனில்லை. ஜக்கில் இருக்கும் தண்ணீரைக் கேளுங்கள். வாசலில் நின்றபடி காசு கொடுத்து வாங்கும் கடைக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அங்கே எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு. “கூலிங் சார்ஜ்” என்பதும் அதே தவறுதான். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் கீழ் உள்ள முத்திரை ஆய்வாளர்கள். ஜிபே, போன்பே எதில் கட்டினாலும் அந்தத் தொகையும், பாட்டிலில் விலை அச்சிட்ட இடத்தின் புகைப்படமும் இருந்தால் புகாருக்குப் போதுமான ஆதாரம் கிடைத்துவிடும். கையில் காசாகக் கொடுத்தீர்கள் என்றால் நிரூபிப்பது கஷ்டம்.

நீங்கள் போனது அரசுப் பேருந்தா, ஆம்னி பேருந்தா என்று எழுதவில்லை. அரசுப் பேருந்து நிற்கும் மோட்டல் டெண்டரில் எடுக்கப்படுவது. எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது, கணினி பில் தர வேண்டும், கழிப்பறைக்குக் காசு வாங்கக் கூடாது என்பவை அந்த டெண்டர் நிபந்தனைகளில் இருப்பவை. அந்த மோட்டலைப் பற்றிப் போக்குவரத்துத் துறையின் 149 என்ற எண்ணில் சொல்லுங்கள். பேருந்து எண், நேரம், இடம் மூன்றும் இருக்கட்டும். ஓட்டுநர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு, எங்கே நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. ஆம்னி பேருந்து என்றால் அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் உங்களுக்குத் துணைக்கு வராது. நான் சொல்வது: கிளம்பும் முன் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள், மோட்டலில் இறங்கிக் காலை நீட்டிக்கொண்டு ஒரு டீயோடு ஏறிவிடுங்கள்.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு முப்பது சாப்பாடு பார்சல் வாங்கினோம். வீட்டுக்கு வந்து பிரித்தால் எதிலும் வடை இல்லை. சொன்னதற்கு “அது நேற்றோட நிறுத்திட்டோம்” என்றார்கள். இதற்கெல்லாம் புகார் செய்தால் சிரிக்க மாட்டார்களா? (கடலூர் வாசகர்)

பதில்: உங்கள் பக்கத்து மாவட்டத்தில் ஊறுகாய்க்கே தீர்ப்பு வந்திருக்கிறது. விழுப்புரத்தில் ஒருவர் உறவினரின் நினைவுநாளுக்காக 2022 நவம்பரில் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். ஒன்று 80 ரூபாய், மொத்தம் 2,000. பட்டியலில் இருந்த ஊறுகாய் எந்தப் பொட்டலத்திலும் இல்லை. ஒரு பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் கணக்கில் 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார்; ஹோட்டல் மறுத்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024-இல் தீர்ப்புச் சொன்னது: மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவு 5,000, அப்புறம் ஊறுகாய்க்கு 25 ரூபாய்.

அவர் ஜெயித்ததற்குக் காரணம் கோபம் இல்லை, காகிதம். சாப்பாட்டில் என்னென்ன வரும் என்ற பட்டியல் இருந்தது, வாங்கியதற்குச் சீட்டு இருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது? வாய்ப்பேச்சில் ஆர்டர் கொடுத்திருந்தால் வடை உண்டு என்று எப்படிக் காட்டுவீர்கள்? அடுத்த முறை பத்து சாப்பாட்டுக்கு மேல் சொல்லும்போது, ஐட்டங்களின் பெயர், எண்ணிக்கை, விலை, பார்சல் டப்பாவுக்குத் தனிக் காசா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி, அவர்களிடமிருந்து ஒரு ‘ஓகே’ வாங்கிவிடுங்கள். வடையை நேற்று நிறுத்தியிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: கொடைக்கானல் போனபோது ஒரு ஹோட்டலில் சிக்கன் சாப்பிட்டுக் குடும்பத்தில் மூன்று பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் கோவைக்கு வந்துவிட்டோம். இனி கொடைக்கானலுக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? (கோவை வாசகர்)

பதில்: போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சுற்றுலாப் போய் ஏமாந்தவர்களுக்கு இந்தச் சட்டம் தந்த பெரிய சௌகரியம் இதுதான்; பழைய சட்டத்தில் இது இல்லை. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

வழக்குக்கு முன்னால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யுங்கள். தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் எண் 94440 42322. நஷ்டஈடு அவர்கள் வாங்கித் தர மாட்டார்கள். ஆனால் அந்தச் சமையலறைக்குள் நுழையும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். 2022 முதல் அது கட்டாயம். அந்த எண்ணைக் கொடுத்தால் கடையைத் தேட வேண்டிய வேலை இருக்காது.

நீங்கள் காட்ட வேண்டிய கடினமான பகுதி, அந்தச் சிக்கனால்தான் வயிறு கெட்டது என்பது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது நல்ல அடையாளம் (இந்த இடத்தில் ‘நல்ல’ என்று எழுதுவதற்கு மன்னிக்கவும்). மருத்துவர் சீட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சீக்கிரமே போய்க் கேளுங்கள். உங்களோடு வந்து அந்தச் சிக்கனைச் சாப்பிடாதவர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஹோட்டலில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருக்குமாமே? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இருக்கும். முதல் கூட்டல் சர்வீஸ் சார்ஜ், வழக்கமாக 10%. இரண்டாவது அந்நாட்டு ஜிஎஸ்டி, 2024 முதல் 9%. அங்கே சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்ல முடியாது, அதற்கும் சேர்த்துத்தான் வரி. மெனுவில் 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) என்றால் 4 வெள்ளி சேர்ந்து 44, அதற்கு 9% சேர்ந்து 47 வெள்ளி 96 காசு. சர்வீஸ் சார்ஜ் வாங்காத கடைகள் வரியும் சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதனால் ஹாக்கர் சென்டரில், அதாவது தேக்கா சென்டர் போல உணவுக் கடைகள் வரிசையாக இருக்கும் பொது வளாகங்களில், பலகையில் இருப்பதுதான் நீங்கள் கொடுப்பது. சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் எச்சரிக்கை, அடுத்து அபராதம். சில சீன உணவகங்களில் உட்கார்ந்ததும் வேர்க்கடலையும் ஈர டிஷ்யூவும் கொண்டுவந்து வைப்பார்கள், அதற்கும் காசு. வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கேள்வி: பில் போட மொபைல் எண் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் கணினி பில் எடுக்காது என்கிறார்கள். (மதுரை வாசகி)

பதில்: எடுக்கும். எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்திவிட்டது. “நம்பர் இல்லாம போடுங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.